நாலாவது வரி

தோ பாயோ புளோக்குகளில்
புகைக்காதே, சைக்கிள் ஓட்டாதே,
புறாவுக்குத் தீனி போடாதே
எல்லாம் நான் முடுக்கிய திருகாணி.
அபராதம் ஏறினால் பழசைக் கழற்றுவேன்.

அந்தப் பெரிய சட்டத்துக்கு
இதுவரை பலகையே வரவில்லை.
அது என்னை அதட்டுவதில்லை;
சட்டம் போடுகிறவரை அதட்டுமாம்.
அதனோடு முரண்பட்டால்
நான் மாட்டியதெல்லாம் வெறும் தகரம்.

நேற்று, சைக்கிள் 'நிறுததாதீர்'.
"ஒரு புள்ளிதானே, போகலாம் லா"
ஏணியைப் பிடித்திருந்த பூன் கியாட் அவசரப்பட்டான்.

நாலு மொழி என்று
அதில் எழுதியிருக்கிறது.
அழிக்க, மன்றத்தில்
மூன்றில் இரண்டு பங்குக் கைகள் உயர வேண்டும்.
புள்ளி வைக்க
என் ஒரு கை போதும்.

மார்க்கரைத் திறந்தேன்.
வைத்தேன்.
மழைக்கு முன் காயட்டுமென்று
ஊதிக்கொண்டே நின்றேன்.