ஜனவரியின் கடைசி ஞாயிறு

மொரியோகா பேரங்காடி, இரண்டாம் தளம்.
நகரும் படிக்கட்டுக்கும் மூக்குக்கண்ணாடிக் கடைக்கும் நடுவே
ஆறு பலகை சேர்த்துப் போட்ட மேடை.
வெளியே முழங்கால் உயரப் பனி.
உள்ளே, இந்தத் தலைக்குள்,
கத்திரி வெயில்.

நான் மஞ்சள்.
போன ஆண்டும் மஞ்சள்தான், வேறு பெயரில்.
அதற்கு முன் நீலம், அதற்கு முன் பச்சை.
ஒரே ஒரு முறை இளஞ்சிவப்பு,
ஹயாசே ரிக்கோவுக்குக் கணுக்கால் பிசகிய இரண்டு வாரம்.
பதினோரு ஆண்டில் பன்னிரண்டு பெண்களாக இருந்துவிட்டேன்.
அத்தனை பேருக்கும் வயது பதினான்கு.
என் முழங்காலுக்கு மட்டும் முப்பத்தாறு.

குரல் என்னுடையதல்ல.
டோக்கியோவில் யாரோ பேசிப் பதிந்து அனுப்பியது
பெட்டியிலிருந்து வரும்.
"விடமாட்டேன்" என்று அது சொல்லும்போது
நான் வலக்கையை நீட்ட வேண்டும்.
அரை நொடி பிந்தினால்
விடமாட்டேன் என்பது பொய்யாகிவிடும்.
அந்தப் பெரிய நீலக் கண்களில் பார்வை கிடையாது.
கன்னத்தருகே ஒரு விரல் அகலத்துக்கு வலை.
அதன் வழியே பார்த்தால்
உலகம் பெரும்பாலும் காலணிகள்.

நால்வரும் வரிசையாக நின்று
பெயரை உரக்கச் சொல்லி முடித்ததும்
அரக்கன் வருகிறான்.
இன்றைக்கு அரக்கன் ஒகுயாமா,
மதியம் தன் சோற்றுருண்டையில் பாதியை எனக்குப் பிட்டுக் கொடுத்தவர்.
மூன்றாவது உதையில் சாய்க்கிறேன்.
முதுகு பலகையில் படாரென விழ
பிள்ளைகள் ஆர்ப்பரிக்கிறார்கள்.
செத்துக் கிடந்தபடியே அவர்
விரலால் பலகையை இரண்டு தட்டுத் தட்டுகிறார்:
விளிம்பு. பார்த்து.

பிறகு கைகுலுக்கும் வரிசை.
அடுத்த ஞாயிறு காலை
தொலைக்காட்சியில் புதிய நால்வர் வந்துவிடுவார்கள்.
கீழே பொம்மைக் கடையில்
எங்கள் மாயக் கண்ணாடி இப்போதே பாதி விலை,
சிவப்புச் சீட்டோடு கூடையில் கிடக்கிறது.
பிள்ளைகளுக்குத் தெரியும்.
தெரிந்தும் காட்டிக்கொள்ளாமல் கை கொடுக்கிறார்கள்,
பெரியவர்கள் மருத்துவமனைக் கட்டிலருகே
நின்று பேசுவதைப் போல.

பதினேழாவதாக ஒருத்தி.
கயிற்றில் தொங்கும் கையுறை, முன்பல் இல்லை.
எனக்குக் காது எங்கே என்று தேடிக் கிடைக்காமல்
வலையில் வாய் வைத்துக் கேட்டாள்:
"அடுத்த வாரத்திலிருந்து என்ன வேலைக்குப் போவீங்க?"

பேசக் கூடாது. அது முதல் விதி.

"எங்கப்பா கம்பெனியையும் மூடிட்டாங்க.
இப்போ ஸ்டேஷன் வாசல்ல பனி அள்ளுறார்.
ஆள் பத்தலையாம்.
நீங்க பலசாலிதானே."

அன்புக்கு ஒரு சைகை உண்டு,
நன்றிக்கு, வெற்றிக்கு, அழாதே என்பதற்கு.
பயிற்சியில் இதற்கு ஒன்றும் சொல்லித் தரவில்லை.
என்ன செய்வதென்று தெரியாமல் குனிந்து
இல்லாத மண்வெட்டியால்
இல்லாத பனியை அள்ளித் தோளுக்குப் பின்னால் எறிந்தேன்.

அவள் சிரிக்கவில்லை.
"அப்படி இல்லை" என்றாள்.
"இடுப்பை வளைச்சா பிடிச்சுக்கும். முட்டியை மடக்கணும்."
செய்து காட்டினாள்.
நானும் செய்தேன், அவள் சரி என்கிற வரைக்கும்.
அடுத்தவர், அடுத்தவர் என்று
அங்காடிப் பையன் மூன்று தடவை சொல்லிவிட்டான்.

சரக்கறையில் தலையைக் கழற்றினேன்,
இட்லிப் பானை திறந்த மாதிரி ஆவி.
ஒகுயாமா கைபேசியை நீட்டினார்.
பிப்ரவரிக்கு எனக்கு ஊதா.
காலணி அரை அளவு சிறியது,
சமாளித்துக்கொள்ளவும் என்று போட்டிருந்தது.

தலைகளைப் பெட்டியில் அடைத்து
இரவுப் பேருந்துக்கு வந்தபோது
ஸ்டேஷன் வாசலில், விளக்கின் கீழே,
ஆரஞ்சு மேலங்கியில் நான்கு பேர்.
ஒன்றாகக் குனிந்தார்கள், ஒன்றாக நிமிர்ந்தார்கள்.
யாரும் தன் பெயரை உரக்கச் சொல்லவில்லை.
எவர் அவளுடைய அப்பா என்று
கண்டுபிடிக்க முடியவில்லை.

பேருந்தின் வயிற்றுக்குள் பெட்டியை ஏற்ற
முட்டியை மடக்கினேன்.
வலித்தது. ஆனால் முன்பு போல இல்லை.