குருமண்வெளியிலிருந்து சூரிச்

களுவாஞ்சிகுடியில், மருந்துக்கடைக்கு மேல்மாடியில்
விமானச் சீட்டு விற்கிறேன்.
கட்டுநாயக்கா – டோகா ஐந்து மணித்தியாலம்.
டோகாவில் காத்திருப்பு மூன்று, சிலவேளை பதினொன்று.
டோகா – சூரிச் ஆறரை.
ஏழாம் வாய்ப்பாடு மாதிரி
முகம் பாராமலே சொல்லிவிடுவேன்.
நான் ஒன்றிலும் ஏறியதில்லை.

வியாழக்கிழமைகளில் தவேந்திரன் வருவார்,
நகக்கண்ணில் சீமெந்தோடு.
சீட்டு வாங்க மாட்டார்.
"இண்டைக்கு எவ்வளவு புள்ள?" என்பார்,
பாரைமீன் விலை கேட்பதுபோல.
விலை, புறப்படும் நேரம், இறங்கும் நேரம்
எல்லாம் ஒரு சின்னக் கொப்பியில் ஏறும்.
விசா மறுத்த மூன்று கடிதங்களும்
அந்தக் கொப்பியின் மட்டைக்குள்தான்.
மனைவி போனபோது வயிற்றில் இருந்தவளுக்கு
இப்போது ஒன்பது வயது.
"அவள்ர ஜெர்மன் எனக்கு ஒரு சொல்லும் விளங்காது"
என்பார், பெருமையாக.

ஒருநாள் கேட்டார்:
"நேர்கோடு போட்டா எத்தின கிலோமீற்றர்?"
எண்ணாயிரத்துக்குக் கிட்ட என்றது கணினி.
"அப்ப, வளைஞ்சு போனா?"
எங்கே வளைவது என்று நான் கேட்கவில்லை.
வரிசையில் அடுத்தவர் நின்றார்.

கார்த்திகை. வாடைக்காற்று. கடைசிப் பாதை.
எங்கள் பக்கம் பாதை என்றால் றோட்டு அல்ல,
நீரில் மிதக்கும் ஒரு தட்டு, ஒரு எஞ்சின்.
பதினாறு மோட்டார் சைக்கிள், இரண்டு ரீச்சர்மார்,
ஒரு ஆடு, தவேந்திரன், நான்.
மண்டூர்க் கரை தெரிகிறது,
கோயில் லைட்டும் தெரிகிறது.
நடு வாவியில் எஞ்சின் நின்றது.

"ஆற்றுவாழை சுத்திற்றுது" என்று எஞ்சின்காரன்
கத்தியோடு தண்ணீருக்குள் குனிந்தான்.
பத்து நிமிடம்.
நாற்பது.
காற்று எங்களைத் துறைநீலாவணைப் பக்கம் தள்ளியது.
"இந்நேரத்துக்குக் கேரளாவைப் பிடிச்சிருப்பம்"
என்றார் தவேந்திரன்.
யாரும் சிரிக்கவில்லை. ஆடு மட்டும் ஏதோ சொன்னது.

அப்போதுதான் மேலே ஒன்று
சிவப்பு, வெள்ளை, சிவப்பு என்று
எழுவான்கரையிலிருந்து படுவான்கரைக்கு
எங்களைத் தாண்டிப் போனது,
வாவி என்று ஒன்று இல்லாததுபோல.

"எது புள்ள அது?"

எனக்குத் தெரியும்.
இந்த நேரம் இந்த வழியால் வருவது சிங்கப்பூர் விமானம்.
இன்னும் அரை மணித்தியாலத்தில்
கட்டுநாயக்காவில் சக்கரம் தொடும்.
"சூரிச்" என்றேன்.

போன் வெளிச்சத்தில் கொப்பியைத் திறந்தார்.
ஆறு ஐம்பத்திரண்டு என்று எழுதினார்.
பேனா கொஞ்சம் நின்றது.
எத்தனை வியாழன் எழுதியவர்,
எது எங்கிருந்து எங்கே போகும் என்று
என்னைவிட அவருக்குத் தெரியும்.
கட்டுநாயக்காவிலிருந்து சூரிச் போவதற்கு
இந்தக் கிழக்கில் என்ன வேலை?

"வளைஞ்சு போகுது போல" என்றார்,
கொப்பியை மூடிக்கொண்டே.

எஞ்சின் இருமியது. பிடித்தது.
கரை தட்டியபோது
ஆடு முதலில் இறங்கியது.