விலைப்பட்டியலில் இல்லாத இடம்

வெள்ளிக்கிழமை அரண்மனைக்கு விடுமுறை.
அது தெரியாமல் வருகிறவர்களை நம்பித்தான்
லால்பாக் முக்கில் என் டோட்டோ நிற்கிறது.
ஐந்து இடம், நானூறு ரூபாய்.
கதை இலவசம்.

பூட்டிய கேட்டுக்கு வெளியே நிறுத்தி
கை நீட்டிச் சொல்வேன்:
ஆயிரம் கதவு. தொள்ளாயிரம் நிஜம்.
நூறு பொய், வெறும் சுவர்.
ஓடிவருகிற திருடன் முட்டிக்கொள்வான்.
எல்லோரும் சிரிக்கிற இடம் இது.
உள்ளே ஒரு கண்ணாடி உண்டாம்;
பார்க்கிறவனுக்குத் தன் முகம் தெரியாது,
பக்கத்தில் நிற்பவன் முகம் தெரியும்.
அதையும் சொல்வேன்.
நான் உள்ளே போனது ஒரே ஒரு தடவை,
ஒயரிங்காரனுக்கு ஏணி பிடிக்க.
ஏணியை மட்டும்தான் பார்த்தேன்.

இன்றைக்கு வந்தவள் சிரிக்கவில்லை.
பெயர் சுதபா. கிருஷ்ணநகர்.
நில அளவைத் துறையில் வேலை.
கட்ரா மசூதியின் படிக்கட்டுக்குக் கீழே
நவாப் படுத்திருக்கிறார்,
ஏறுகிறவர்களின் கால்தூசி தன்மேல் விழட்டும் என்றாராம்
என்று சொன்னதும்
செருப்பைக் கையில் எடுத்துக்கொண்டு
ஓரமாகவே ஏறினாள்.
இறங்கி வந்து கேட்டாள்:
ஹீராஜீல் போகலாமா?

அங்கே ஒன்றுமில்லை, திதி.
அரண்மனையை ஆறு தின்று
எத்தனையோ தலைமுறை ஆகிவிட்டது.
தெரியும். அதைத்தான் பார்க்கணும்.

படகில் டோட்டோவுக்குத் தனிக்காசு கேட்டான் நிமாய்.
அக்கரையில் நாணல் பூத்திருந்தது.
செங்கல் நாலைந்து. ஒரு ஆடு.
வண்டியை அணைத்துவிட்டு
பழக்கத்தில் கையை நீட்டினேன்.
நீட்டிய விரலுக்கு நேரே தண்ணீர்.
சொல்ல எதுவும் வரவில்லை.

பதினோரு வருடத்தில் முதல் முறையாக
யாரும் கேட்காத கதை வந்தது.

ஜலங்கியில் எங்கள் வீடு, பத்மா ஓரம்.
கரை உடைவது ராத்திரியில்தான் நன்றாகக் கேட்கும்,
பலாப்பழம் விழுகிற மாதிரி.
முதலில் தூரத்தில் ஒன்று.
அப்புறம் மசூதிப் பக்கம்.
அப்புறம் மாட்டுக்கொட்டகைக்குப் பின்னால்.
தகரத்தைக் கழற்றினோம். கட்டிலைத் தூக்கினோம்.
அப்பா கதவுகளைக் கீலோடு பிடுங்கினார்.

எத்தனை கதவு, என்றாள்.

மூன்று.
ஒன்று மழைக்காலத்தில் ஊதிக்கொண்டு சாத்தாது.
அது மட்டும் பிடுங்க வரவில்லை.
திறந்தபடியே போயிற்று.

அந்தப் பக்கம் அளக்கப் போயிருக்கிறாளாம்.
வரைபடத்தில் உங்கள் ஊர் இன்னும் நிலம்தான்,
சர்வே எண்ணெல்லாம் இருக்கிறது, என்றாள்.
வரி கேட்டு யாராவது வந்தார்களா?
வந்தார்கள், என்றேன்.
அப்போதுதான் சிரித்தாள்.
நானும்.

திரும்பும்போது வெயில் சாய்ந்துவிட்டது.
டோட்டோவின் சின்னக் கண்ணாடியில்
ஆற்றுப் பக்கம் திரும்பிய அவள் முகம்.
என் முகம் அதில் விழுந்ததே இல்லை;
பயணி தெரிகிற மாதிரித்தான்
வளைத்து வைத்திருக்கிறேன்.

முக்கில் இறங்கி ஐந்நூறு ரூபாய்த் தாளை நீட்டினாள்.
அந்த இடத்துக்கு எவ்வளவு, என்று கேட்டாள்.
சில்லறை தேடுகிற பாவனையில்
சட்டைப்பைக்குள் விரலை விட்டபடி
கொஞ்ச நேரம் நின்றேன்.
பிறகு நூறு ரூபாயைத் திருப்பிக் கொடுத்து
நாளைக்கு அரண்மனை திறந்திருக்கும், என்றேன்.