காவல் நேரம்

இரண்டு மணி நேரம் ஆடாமல் நிற்கிறவனுக்கு
உயிர் இருப்பது கால் பெருவிரலில்.
பூட்சுக்குள்ளே அதை மட்டும் அசைக்கலாம்,
வெளியே தெரியாது.
பதினோரு வருஷத்தில் நானாகக் கண்டுபிடித்த
ஒரே வித்தை.
முழங்காலை இறுக்கினால் மயங்கி விழுவோம்.
தளர்த்தினால் தண்டனை.

டெல்லியில் நான் காத்தது பெயரில்லாத ஒருவனை.
எந்த ஊர், எந்தச் சண்டை, யார் பெற்ற பிள்ளை,
கேட்கக் கூடாது என்றில்லை,
சொல்ல ஆளில்லை.
மே மாதக் கருங்கல் விளக்கு வைத்த பிறகும் கொதிக்கும்.
கஞ்சி போட்ட கழுத்துப்பட்டி அறுக்கும்.
சுற்றுலா வந்த பள்ளிக்கூடப் பிள்ளைகள்
முன்னால் நின்று நாக்கைத் துருத்தும்;
ஒருத்தி குச்சி ஐஸை என் மூக்கருகே ஆட்டினாள்.
ஈ ஒன்று இடது இமையில் இறங்கி
நடந்து, யோசித்து,
வலது இமைக்குப் போனது.
ஹவில்தார் ததேயுஸ் அசையவில்லை.
சர்வீஸ் புத்தகத்தில் அதற்கு ஒரே சொல்: நன்று.

பனிக்கால இரவுகளில் ஆளில்லாதபோது
அவனிடம் பேசியிருக்கிறேன்,
உதடு அசையாமல், எங்க ஊர்ப் பேச்சில்.
சாளை விலை, அம்மைக்க முட்டுவலி,
தம்பி புதுப் போட்டில் பங்கு சேர்ந்தது.
அவனுக்கு விளங்கியிருக்காது.
விளங்கியிருக்கலாம்.
தூத்தூர்க்காரனாகவே இருந்தால்?

ஒக்கி வந்த அன்று எனக்கு நாலிலிருந்து ஆறு.
ஐந்தே முக்காலுக்கு
காவலறைப் பெட்டிக்குள் என் போன் அலறியதாம்.
நான் வெளியே.
ஆள் மாறி, துப்பாக்கியை ஒப்படைத்து,
கையெழுத்துப் போட்டபிறகுதான்
கிளீட்டஸ் கடலில் என்று தெரிந்தது.
பத்துப் பேர் போன போட்டு.
மூன்று உடல் கொச்சியில், இரண்டு கோழிக்கோட்டில்.
டி.என்.ஏ.வுக்கு என் எச்சிலை எடுத்தார்கள்.
எதோடும் பொருந்தவில்லை.
லீவு முடிந்தது. திரும்பிப் போய்
மறுபடி நின்றேன், அந்த ஒருத்தனிடம்
பேச்சுக் கொடுக்காமல்.

இப்போது பென்சன். சின்னத்துறை.
கல்லறைத் தோட்டத்தில்
பங்குப்பேரவை இடம் ஒதுக்கிவிட்டது.
பெட்டிக்குள் வைக்க ஒரு டார்ச்,
ஒரு வலை ஊசி, ஒரு சட்டை.
சட்டையை மட்டும் மெற்றில்டா தரவில்லை.
"வந்தா எதப் போடுவாரு?"
என்னுடையதை வைத்தோம்.
அளவு ஒன்றுதான், பிசகாது.

கல் வெட்ட மார்த்தாண்டத்திலிருந்து வந்தவர்
பெயரை முடித்துவிட்டு நிமிர்ந்தார்.
"தேதி?"
தாசில்தார் கொடுத்த தாளை நீட்டினேன்.
மெற்றில்டா குறுக்கே வந்தாள்.
"அது புயலுக்க தேதி. அவருக்க தேதி இல்ல."
அவர் உளியைத் துடைத்துக்கொண்டார்.
கூலியில் எட்டு எண்ணுக்கு உள்ளதைக்
கழித்துத்தான் வாங்கினார்.

நவம்பர் முப்பது. பூசை முடிந்து
எல்லோரும் போனபின் நின்றேன்.
யாரும் ஆணையிடவில்லை.
மணலில் குதிகால் புதைகிறது.
கரமடி இழுத்து வளர்ந்த கால்தான்,
இருந்தும் மறந்துபோயிருக்கிறது.
சிலுவை நிழலில் ஒரு நாய் வந்து படுத்து
என்னைப் பார்த்தது; நான் பார்க்கவில்லை.
மதிலுக்கு வெளியே அவள் குரல்:
"யாருக்குக் காவலு நிக்கிய?
அதுக்குள்ள ஒனக்க சட்டையில்லா கெடக்கு."

நிற்கிறவன் பேசக் கூடாது.
அவளும் போகவில்லை.
குடத்தை மதில்மேல் இறக்கி வைத்தாள்.
தேங்காய்ப்பட்டணம் பக்கமிருந்து
ஒரு போட்டின் சத்தம் நெருங்கி வந்தது,
எங்கள் துறைக்கு நேராக வந்தது,
பிறகு வடக்கே போனது.
இருவரும் திரும்பவில்லை என்றுதான் சொல்வேன்.

ரப்பர் செருப்பில் எல்லாம் வெளியே தெரிகிறது,
பெருவிரல்.