பதினேழாம் எண் வீடு

காலை ஏழரைக்கு வார்டு ஆபீசில் கைநாட்டு மெஷின்.
அப்புறம் ஒரு டார்ச், ஒரு கரண்டி,
மருந்து பாட்டில், சாக்பீஸ் இரண்டு துண்டு.
நாளுக்கு ஐம்பது வீடு.
அயனாவரத்தில் என் பெயர் கொசுக்கார அம்மா.

மழை விட்டு எட்டு நாள்.
முட்டை புழுவாகி, புழு கூடாகி,
கூடு பிளந்து இறக்கை உலர்த்த
அவ்வளவு போதும்.

சாக்கடையில் தேடாதீர்கள், அது அங்கே பிள்ளை பெறாது.
ஃபிரிட்ஜின் முதுகில் ஒரு தட்டு இருக்கும்,
வாங்கிய நாள் முதல் நீங்கள் பார்த்திராத தட்டு.
ஜாம் பாட்டிலில் வேர் விட்ட மணி பிளான்ட்.
"எங்க வீட்ல எல்லாம் க்ளீன்மா" என்பார் மூன்றாம் எண் வைதேகி.
க்ளீன்தான் அதற்கும் வேண்டும் என்று
சொல்ல வாயெடுத்து, டார்ச்சை மட்டும் அடிப்பேன்.
கரண்டி நீரில் காற்புள்ளிகள் நெளியும்,
ஏதோ முடியாத வாக்கியத்திலிருந்து
உதிர்ந்தவை போல.

முதல் காய்ச்சல் பதினைந்தாம் எண்ணில். கல்லூரிப் பையன் பிரணவ்.
நாலாம் வாரம் எதிர் வரிசை நஜ்முன்னிசா:
"கண்ணுக்குப் பின்னாடி யாரோ உக்காந்து அமுக்குறாங்க."
காய்ச்சலோடே ஷேர் ஆட்டோ ஏறி
பெரம்பூர் கடைக்கு வேலைக்குப் போனார்.
கொசு நூறு தப்படி தாண்டாதாம்.
மீதித் தூரம் நாம் சுமக்கிறோம்.

பிறகு, தெருமுனை இஸ்திரி வண்டி கோதண்டத்தின் மகள்.
கனிஷ்கா, நாலாம் வகுப்பு.
வண்டிக்கு அடியில் உட்கார்ந்து
வாய்ப்பாடு எழுதுகிறவள்.

பதினைந்தாம் எண்ணில் கோதண்டத்துக்கு டம்ளரில் தண்ணீர் கிடையாது.
வாசற்படியில் பிளாஸ்டிக் பாட்டில், போகும்போது எடுத்துப் போகணும்.
அவர் தேய்த்த சட்டை மட்டும் உள்ளே போகும்.
அந்த வீட்டுப் பையனைக் கடித்தது
இவர் பெண்ணின் கணுக்காலிலும் உட்கார்ந்திருக்கிறது.
ஒரே ரத்தம் ஆயிட்டாங்க சார் என்றேன்.
ரத்தம் இல்லம்மா, கொசுவோட எச்சில்லதான் கிருமி போகுது
என்று திருத்தினார் சுகாதார ஆய்வாளர்.
எச்சில்.
சிரிக்கவா என்று தெரியவில்லை எனக்கு.

நோட்டில் வீடுகளைக் கட்டம் கட்டமாக வரைந்தேன்.
காய்ச்சல் உள்ள கட்டத்துக்குச் சிவப்பு.
சிவப்பெல்லாம் சுற்றி நிற்க, நடுவில் வெள்ளையாய்ப் பதினேழு.
உரிமையாளர் சிங்கப்பூரில். சாவி தாம்பரத்தில் தம்பியிடம்.
தம்பி போனை எடுப்பதில்லை.
மூன்று நோட்டீஸ் ஒட்டினேன்.
பக்கத்து மாடியில் நின்று எட்டிப் பார்த்தால்
யாரோ கழற்றிப் போட்ட கழிப்பறைக் கோப்பை,
வானத்தில் ஒரு கை அளவு பிடித்து வைத்திருந்தது.

எழும்பூர் ஆஸ்பத்திரியில் கனிஷ்காவுக்குக் காய்ச்சல் விட்டது.
விட்ட பிறகுதான் ஜாக்கிரதை என்றார்கள்.
தட்டணு அறுபத்தெட்டாயிரம். முப்பத்தொன்று. பத்தொன்பது.
உருப்படி எண்ணியே பழகிய மனிதர்
குறைந்துகொண்டே போகும் கணக்கைப்
பில்லின் பின்பக்கம் எழுதி வைத்திருந்தார்.
"நாளைக்கு ஏறும்ல?" என்றார்.
ஏறும் என்றேன். எனக்கென்ன தெரியும்.

ஞாயிற்றுக்கிழமை டூட்டி இல்லை.
பக்கத்து மாடிக் கைப்பிடிச் சுவரில் ஏறிப்
புடவையை இழுத்துச் செருகிக்கொண்டு
பதினேழுக்குள் இறங்கினேன்.
கோப்பையைக் கவிழ்த்தேன்.
கொட்டினால் மட்டும் போதாது;
நீர் நின்ற கோட்டில் முட்டை ஒட்டியிருக்கும்,
காய்ந்து, பொறுத்து,
அடுத்த ஐப்பசி வரைக்கும்கூட.
தேங்காய் நார் வைத்துத் தேய்த்தேன்,
யார் வீட்டுக் கோப்பையோ.
தேய்க்கையில் முழங்காலுக்குப் பின்னால் சுருக்கென்றது.
பட்டப்பகல். அடிக்கக் கை காலியில்லை.

திங்கள் மாலை எண்ணிக்கை இருபத்திநாலுக்கு ஏறியதாகக்
கோதண்டம் போன் செய்தார். பின்னால் குழந்தைகளின் இருமல்.
பதிவேட்டில் வழக்கம்போல நிரப்பினேன்:
கதவு எண் பதினேழு,
பூட்டிய வீடு.