மூணு புள்ளி ரெண்டு

காலை அஞ்சேகாலுக்குச் சங்கத்தைத் திறந்ததும்
முதலில் அதைத்தான் பார்ப்பேன்.
சிவப்பு எரிந்தால் இன்னும் தூக்கம்.
பச்சை வர ஏழு நிமிஷம்.
அதுவரை நானும் யாரோடும் பேசுவதில்லை.

கிண்ணத்தில் பாலை வைத்தால்
மெல்லிய குழாயால் உறிஞ்சிக்கொண்டு
ம்ம்ம் என்று நாற்பது விநாடி யோசிக்கும்.
முத்தூருக்குத் தெற்கே அந்த நேரம்
காற்றாடி மட்டும்தான் மூச்சு விடும்.
அப்புறம் ஒரு சீட்டு:
கொழுப்பு, திடம், தண்ணீர், ரூபாய்.

சென்னியப்பன் அதன் மண்டையில் ஒன்று வைப்பார்.
"என்ற எருமை உனக்கு என்னடா பண்ணுச்சு?"
மாராத்தாள் செருப்பைக் கழற்றிவிட்டுத்தான்
கிண்ணத்தை நீட்டுவாள்.
"பாத்துப் போடு சாமி."
பள்ளிக்கூடம் போகிற வழியில் பால் ஊற்றும் நிதர்சன்
அதன் கண்ணாடியில் தலை வாரிக்கொள்வான்.
ஆயுதபூசைக்கு வைத்த சந்தனம்
பாதி உதிர்ந்து ஒட்டியிருக்கிறது.
மீதியைத் துடைக்க எனக்குக் கை வரவில்லை.

முன்னால் திட்டெல்லாம் எனக்கு வந்தது.
நான் நோட்டில் எழுதியதுதான் கணக்கு.
"துளசிமணி அவ மச்சாண்டாருக்கு மட்டும்
கொழுப்பை அள்ளிப் போடறா"
மாரியம்மன் நோம்பியில், வரிசையில் நிற்கும்போது,
காதுபடச் சொன்னார்கள்.
சொன்னதில் பாதி நிஜம்.

இப்போது திட்டு அதற்கு.
கடிநாய் வளர்க்கிற வீட்டுக்காரி போல
நடுவில் நின்று சொல்கிறேன்,
"அது அப்படித்தானுங். நானென்ன பண்றதுங்."
கொஞ்சம் வெட்கம்.
கொஞ்சம், சொன்னால் என்ன, பெருமையும்.

ஐப்பசியில் ஒரு ராத்திரி இடி.
கரண்டு திரும்பியபோது பொட்டி திரும்பவில்லை.
ஈரோட்டிலிருந்து ஆள் வர நாலு நாள் என்றார்கள்.
பழைய நோட்டைத் தூசி தட்டி எடுத்தேன்.

முதல் ஆள் மாராத்தாள்.
சோளத்தட்டு தீர்ந்துபோய்
மாசம் பூரா அவளுக்கு மூணு புள்ளி ஒண்ணு,
மிஞ்சிப்போனால் மூணு புள்ளி ரெண்டு.
பொட்டியைப் பார்த்தாள். என் பேனாவைப் பார்த்தாள்.
அப்புறம்
என் முன்னால்
செருப்பைக் கழற்றினாள்.

"மாட்டிக்குங்க்கா, அட, மாட்டிக்குங்"
சொல்லிக்கொண்டே எழுதினேன்,
மூணு புள்ளி எட்டு.
பின்னாலிருந்து சென்னியப்பன் எட்டிப் பார்த்தார்.
"எருமைப்பாலு. பாத்து எழுது அம்மிணி."
அம்மிணி!
பத்து வருஷத்தில் முதல் தடவை.
அன்றைக்கு ஊரே நல்ல பால் கறந்தது.

மூணாம் நாள் குளிரூட்டு நிலையத்திலிருந்து போன்.
"ஏனுங்க்கா, உங்கூரு மாடெல்லாம்
பாதாம் திங்குதுங்களா?"
வித்தியாசத்தை என் சம்பளத்தில் பிடித்தார்கள்,
எண்ணூத்திச் சொச்சம்.
பணத்தை விடுங்கள்.
மூணு ராத்திரியாக எனக்குத் தூக்கமில்லை.
யாருக்குக் கூட, யாருக்குக் குறைச்சல்,
யார் முகம் சுண்டிப் போச்சு என்று
வெசனம் ஓடிக்கொண்டேயிருந்தது.

நாலாம் நாள் ஆள் வந்தான்.
அதன் நெஞ்சைத் திறந்து
கருகின பலகை ஒன்றை மாற்றினான்.
பச்சை வந்தது. அப்பாடா என்றேன், சத்தமாக.
"மிஷினை விட்டுட்டு இருக்க முடியலீங்களா?"
சிரித்தான்.
அதில்லை என்றேன்.
எது என்று சொல்லத் தெரியவில்லை.

சாயங்காலம் மாராத்தாளுக்கு
மூணு புள்ளி ரெண்டு.
சீட்டை மடித்துச் சுருக்குப்பையில் வைத்தாள்.
செருப்பு மாட்டும்போது
என் பக்கம் திரும்பாமலே சொன்னாள்,
"இதுக்கு என்ன கோவமோ."

எல்லாரும் போன பிறகு
கழுவுவதற்கு வெந்நீர் வைத்தேன்.
உறிஞ்சிக்கொண்டு ம்ம்ம் என்றது,
பால் என்றே நினைத்து
அத்தனை கவனமாக.
பூஜ்யம். பூஜ்யம். தண்ணீர் நூறு.

அதன் மண்டையில் ஒன்று வைத்தேன்.
மெல்லத்தான்.