அரைப் பேர்

மூன்றாம் பாடவேளைக்கு மணி அடித்தால்
தரம் பத்து மதவாரியாகக் கலையும்.
கத்தோலிக்கம் ஐந்து பேர் விஞ்ஞான கூடத்துக்கு.
அங்கே ஜெனிட்டா டீச்சர், உடைந்த தராசுக்குப் பக்கத்தில்.
இஸ்லாம் ஒரே ஒருவன், ரிகாஸ்,
பேக்கரிக்காரர் மகன்.
மௌலவி ஆசிரியர் மாற்றலாகிப் போய்
இரண்டு தவணை.
தன் கதிரையைத் தானே தூக்கிக்கொண்டு
விறாந்தைக்குப் போவான்.
கதிரை எதற்கு என்று ஒருநாள் கேட்டேன்.
'திரும்பி வாறப்போ யாராவது எடுத்திருவாங்க, சேர்.'

மிச்சம் இருபத்தெட்டும் சைவநெறி.
நான் வணிகக் கல்விக்கு நியமனம் பெற்றவன்.
நேர அட்டவணையில் ஓட்டை இருந்தது,
என் நெற்றியில் திருநீறு இருந்தது,
அதிபருக்கு அது போதுமாக இருந்தது.
ஆளுமை விருத்தியும் என் தலையில்தான்:
வெள்ளிக்கிழமை நகம் பார்ப்பது,
வாழ்க்கை இலக்கை எழுதச் சொல்வது.
பத்தொன்பது பேர் எழுதினார்கள்,
ஒரே சொல்:
கொழும்பு.

அன்றைக்குப் பாடம் வினைக் கொள்கை.
சஞ்சிதம், பிராரத்தம், ஆகாமியம்.
கரும்பலகையில் மூன்று கட்டம் போட்டேன்.
முன்கொண்டுவந்த மீதி,
இந்த வருஷத்துச் செலவு,
இனிமேல் சேரும் கடன் என்று
பேரேட்டு மொழியில் விளக்கினேன்.
அழகாகப் பொருந்தியது.
எனக்கே என்மேல் மதிப்பு வந்தது.
அக்கரப்பத்தனை மழை
தகரத்தில் ஏறி நின்று பேசிக்கொண்டிருந்தது.

விதுர்ஷிகா கை தூக்கினாள்.
கை தூக்குகிற பிள்ளை அல்ல.

'சேர், அம்மா நேத்து பதினாறு கிலோதான் எடுத்தாங்க.
பதினெட்டு வரல்லன்னு அரைப் பேர் போட்டுட்டாங்க.
அது சஞ்சிதமா,
இல்ல கணக்கப்பிள்ளையா?'

பின்வரிசையில் ஒரு சிரிப்பு கிளம்பி
நடுவழியில் நின்றுபோனது.
அவள் பகடி பண்ணவில்லை.
பேனா மூடியைக் கழற்றி,
எந்தக் கட்டத்துக்குள் எழுதுவதென்று
காத்திருந்தாள்.

ஆசிரியர் வழிகாட்டியைப் புரட்டினேன்.
பக்கம் நாற்பத்தொன்று: 'நற்செயல்களில் ஈடுபாட்டை ஏற்படுத்துக.'
நாற்பத்திரண்டில் படம்.
வெள்ளைச் சீருடைப் பையன் ஒருவன்
வீதியைக் கடக்க யாருக்கோ கை கொடுக்கிறான்.
பதினாறு கிலோ எங்கும் இல்லை.

சாக்குக்கு இவ்வளவு, மழை ஈரத்துக்கு இவ்வளவு என்று
நிறுத்த பிறகும் கழிப்பார்கள்.
லயத்தில் பிறந்தவன், எனக்குத் தெரியும்.
என் அம்மாவும் எத்தனையோ நாள்
பாதிப் பெயரோடு வீட்டுக்கு வந்தவள்.
சொல்லியிருக்கலாம்.
பரீட்சைக்கு வருவது மூன்று கட்டம்தான்,
கட்டத்துக்கு இரண்டு புள்ளி.
'நல்ல கேள்வி' என்றேன்,
விடை இல்லாத ஆசிரியர்கள் எல்லாரும் சொல்வதை.

சாரலுக்குக் கதிரையைச் சுவரோடு ஒட்டி நகர்த்திய ரிகாஸ்
ஜன்னலுக்குள் தலையை நீட்டினான்.
'சேர், பதினெட்டுல பதினாறுன்னா
பாதி இல்லையே.
ஒன்பதுல எட்டு.'

வகுப்பு ஒருதரம் மனக்கணக்குப் போட்டது.
உதடுகள் அசைந்தன.
விதுர்ஷிகா எழுதிக்கொண்டாள்,
எட்டு, ஒரு கோடு, கீழே ஒன்பது,
மூன்று கட்டத்துக்கும் வெளியே,
தாளின் ஓரத்தில்.

'உள்ளே வா' என்றேன் அவனை.
'இது சைவம், சேர்.'
'இது மழை' என்றேன்.
கதிரையோடு வந்தான்.

பின்னேரம் பாடப் பதிவேட்டில்
'அடையப்பெற்ற தேர்ச்சி' என்ற நிரலில்
பேனாவை ஊன்றியபடி இருந்தேன்.
மை ஊறி ஒரு புள்ளி விழுந்தது.
அதன் பக்கத்தில் எழுதினேன்:
8/9

அதிபர் பச்சை மையில் ஒப்பமிட்டார்.
'பரவாயில்லையே' என்றார்.
'அந்த ஒன்றை மட்டும்
எதற்கு வெட்டினீர்கள்?'